ஆம்பியரும் மணியும்: சிறு பாய்மரப் படகில் மின்சாரக் கணக்கு



தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-இல் அறிவித்தது உங்களுக்குத் தெரியும். அதை அறுபது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். இன்றைக்கு நான் சொல்லப்போகிறவர்கள் அதற்கும் குறைந்த மின்சாரத்தில் குடும்பம் நடத்துகிறவர்கள். அவர்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் உண்டு, மின்விசிறி உண்டு, லேப்டாப் உண்டு. சிலர் வீட்டில் மிக்ஸியும் ரைஸ் குக்கரும்கூட உண்டு. வீடு மட்டும் கடலில் மிதக்கிறது. மின்கம்பம் ஏதும் அங்கே கிடையாது.

லங்காவித் தீவில் பாய்மரப் படகுகளுக்கு ஒயரிங் செய்வது என் தொழில். மலேசியாவின் வடமேற்கு மூலையில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய தீவு அது. 1987 முதல் சுங்கவரி இல்லாத தீவு. மரினாக்களும், நங்கூரம் போட்டுக் கிடக்க அமைதியான வளைகுடாக்களும் அங்கே உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பத்து, பன்னிரண்டு மீட்டர் நீளப் படகுகளில் வீட்டையே ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் அங்கே மாதக்கணக்கில் தங்கிப் பழுது பார்ப்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்று நிலைபெற்ற ஜனவரி, பிப்ரவரியில் மேற்கே பாய் விரித்தால் எட்டு, பத்து நாளில் இலங்கையின் காலி துறைமுகத்தைப் பிடித்துவிடலாம். அதற்கு முன்னால் எல்லோருக்கும் இருக்கும் கவலை ஒன்றுதான்: பேட்டரி தாங்குமா?

இந்தக் கவலைக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் ஒரு படகில் ஒயர் எரிகிறது, இன்னொன்றில் ஃப்ரிட்ஜ் நின்றுபோகிறது. எனக்குத் தெரிந்ததில் முக்கியமானது இதுதான். இதைத்தான் இன்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு மின்சாரக் கெட்டிலை எடுத்துக்கொள்வோம். 2000 வாட். வீட்டில் 230 வோல்ட்டில் அது இழுப்பது ஒன்பது ஆம்பியருக்கும் குறைவு. படகில் பேட்டரி 12 வோல்ட். இன்வெர்ட்டரில் போகும் இழப்பையும் சேர்த்தால் அதே கெட்டில் பேட்டரியிலிருந்து 185, 190 ஆம்பியர் உறிஞ்சும். கேட்டாலே பயமாக இருக்கிறது. ஆனால் எவ்வளவு நேரம்? ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க மூன்று நிமிடம். செலவு 100 வாட் மணி, அதாவது யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. பேட்டரிக் கணக்கில் எட்டு, ஒன்பது ஆம்பியர் மணி.

இப்போது ஃப்ரிட்ஜ். படகு ஃப்ரிட்ஜின் கம்ப்ரசர் நேராக 12 வோல்ட்டில் ஓடும். நாலு ஆம்பியர்தான் இழுக்கும், 50 வாட்டுக்குள். ஒரு பழைய குண்டு பல்பு அளவு. யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வராது. ஆனால் கடல்நீரே 29, 30 டிகிரி இருக்கும் எங்கள் பக்கத்தில் அது நாளில் பாதி நேரம் ஓடும். இரவும் ஓடும், நீங்கள் கரைக்குப் போயிருக்கும்போதும் ஓடும். மொத்தம் 50 ஆம்பியர் மணி. ஆறு கெட்டில் தண்ணீருக்கான செலவை அந்தச் சாதுவான பெட்டி ஒரே நாளில் தின்றுவிடுகிறது.

ஆம்பியர் ஒரு கேள்வி, மணி இன்னொரு கேள்வி. ஆம்பியர் கூடினால் ஒயருக்கு ஆபத்து. மணி நீண்டால் பேட்டரிக்குச் செலவு. கெட்டிலைப் பார்த்து “பேட்டரி காலியாகிவிடும்” என்று பயப்படுகிறவர்கள், பயப்பட வேண்டிய பொருளைச் சரியாகத்தான் கண்டிருக்கிறார்கள், காரணத்தைத்தான் மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

ஒயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் உயிராபத்து இருக்கிறது. ஒரு இணைப்பில் ஓடும் மின்னோட்டம் இரட்டித்தால் அங்கே பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். பள்ளியில் படித்ததுதான். ஒயர் முனையில் மாட்டும், உப்புக்காற்றில் பச்சை பிடித்த ஒரு லக்கில், ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருக்கிறது என்று வையுங்கள். வீட்டுக் கெட்டிலின் ஒன்பது ஆம்பியர் அதன் வழியே போனால் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் சூடு எழாது. 190 ஆம்பியர் போனால் 36 வாட். ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் 36 வாட் சூடு சேர்ந்தால் ஒயரின் மேலுறை முதலில் இளகும், பிறகு கருகும். பேட்டரிகள் பெரும்பாலும் படுக்கைக்கு அடியில்தான் இருக்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

அதனால் பெரிய இன்வெர்ட்டர் வைக்கிறவர் முதலில் செலவழிக்க வேண்டியது ஒயருக்கு. 2000 வாட் இன்வெர்ட்டருக்கு 70 சதுர மில்லிமீட்டர் கேபிள், அதுவும் ஈயம் பூசிய செம்பு. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஒன்றிரண்டு மீட்டருக்குள் இருக்க வேண்டும். நேர்முனையில் ஃபியூஸ், அதுவும் பேட்டரியை ஒட்டி. அமெரிக்காவில் படகுகளுக்கான பாதுகாப்பு விதிகளை வகுக்கும் ஏபிஒய்சி அமைப்பு ஏழு அங்குலத்துக்குள் என்று சொல்கிறது. இன்வெர்ட்டர் பக்கத்தில் ஃபியூஸைப் பொருத்தி, நடுவில் இரண்டு மீட்டர் கேபிளைக் காவல் இல்லாமல் விட்டிருக்கும் படகுகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். பார்த்த மாத்திரத்தில் மற்ற வேலையை நிறுத்திவிட்டு அதைத்தான் சரி செய்வேன். படகு ஆடும், அதிரும். அந்தக் கேபிள் ஒரு இரும்பு விளிம்பில் ஆண்டுக்கணக்கில் உரசினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சிறிய ஆம்பியரிலும் ஒயர் வேறுவிதமாக விளையாடும். ஒரு சம்பவம் சொல்கிறேன். லங்காவியின் குவா ஊருக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த பதினோரு மீட்டர் படகு. வயதான தம்பதி. ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடுகிறது, பேட்டரி செத்துவிட்டது, நாலும் புதிதாக வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்கள். படகு ஃப்ரிட்ஜுகளில் பெரும்பாலும் இருப்பது டான்ஃபாஸ் கம்ப்ரசர், இப்போது செகாப் என்ற பெயரில் வருகிறது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கைச் சேர்த்துக்கொள்ள இடம் உண்டு. கோளாறு என்ன என்பதை அது மினுக்கி மினுக்கிச் சொல்லும். என்னோடு வேலை செய்யும் பையன் லாக்கருக்குள் தலையை விட்டுப் பார்த்து, “அண்ணே, ஒரு தரம் மினுக்குது, நிக்குது, மறுபடி ஒரு தரம்” என்றான். ஒரு மினுக்கு என்றால் வோல்ட் போதவில்லை என்று அர்த்தம். 10.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் கம்ப்ரசர் பேட்டரியைக் காப்பாற்றத் தானே நின்றுவிடும். பேட்டரியில் அளந்தால் 12.3 வோல்ட். நல்ல ஆரோக்கியம்.

பிறகு ஃப்ரிட்ஜின் முனையிலேயே மீட்டரை வைத்து, கம்ப்ரசர் கிளம்பும் நொடிக்காகக் காத்திருந்தோம். கிளம்பியதும் முள் சரிந்து 10.4-க்கும் கீழே போனது. கம்ப்ரசர் நின்றது. நின்றதும் பழையபடி 12.3. காரணம், படகு கட்டியபோது போட்ட ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர். போகவர பதினான்கு மீட்டர். ஐந்து ஆம்பியர் ஓடினால் அந்த ஒயரிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். வழியில் பச்சை பிடித்த ஒரு கனெக்டர் மீதியைத் தின்றது. ஆறு சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தோம், கனெக்டரை வெட்டி எறிந்து புதிதாகக் கிரிம்ப் செய்தோம். பழைய பேட்டரியிலேயே ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடியது. அந்த அம்மா ஒயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வோல்ட்டை அளக்கும் இடம் முக்கியம். சாமான் ஓடிக்கொண்டிருக்கும்போது சாமானின் முனையில் அளந்தால்தான் உண்மை தெரியும்.

இனி மணிக்கு வருவோம். தாராளமாக நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

ஃப்ரிட்ஜின் பசி கம்ப்ரசரால் வருவதைவிடப் பெட்டியின் சுவரால்தான் அதிகம் வருகிறது. பல பழைய படகுகளில் குளிர்ப்பெட்டியைச் சுற்றி ஐந்து சென்டிமீட்டர் நுரைதான் இருக்கும். வட ஐரோப்பாவின் குளிர்ந்த தண்ணீருக்கு அது போதும். அந்தமான் கடலுக்குப் போதாது. பத்து சென்டிமீட்டராக்கினால் சுவர் வழியே உள்ளே வரும் வெப்பம் ஏறக்குறையப் பாதியாகும். மேலே மூடி வைத்த பெட்டி முன்பக்கம் கதவு வைத்ததைவிட நல்லது. குளிர்ந்த காற்று கனமானது, முன்கதவைத் திறந்தால் அப்படியே காலடியில் கொட்டிவிடும். எல்லாவற்றையும்விட எளிய வேலை ஒன்று இருக்கிறது. கம்ப்ரசரை வைத்திருக்கும் லாக்கருக்குள் கையை விட்டுப் பாருங்கள். அடுப்பங்கரைபோல் கொதிக்கிறது என்றால், தான் வெளியேற்றிய வெப்பத்தையே அது திரும்பச் சுவாசித்துக்கொண்டிருக்கிறது. கீழே ஒரு துளை, மேலே ஒரு துளை, காற்று போகவர வழி. அவ்வளவுதான். ஐம்பது டிகிரி லாக்கரில் திணறுகிற கம்ப்ரசருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சிலர் கடையில் விற்கும் வீட்டு ஃப்ரிட்ஜையே படகில் வைக்கிறார்கள். புதிய இன்வெர்ட்டர் வகைச் சிறு ஃப்ரிட்ஜ் நாளுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவாகவே எடுக்கும், விலையும் படகு ஃப்ரிட்ஜைவிடப் பல மடங்கு குறைவு. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அதற்கு 230 வோல்ட் இரவும் பகலும் வேண்டும். பெரிய இன்வெர்ட்டர் ஒன்று சும்மா விழித்திருப்பதற்கே இருபது, இருபத்தைந்து வாட் எடுத்துக்கொள்ளும். இருபத்துநாலு மணி நேரத்துக்கு அது அரை யூனிட். ஃப்ரிட்ஜ் தின்பதைவிட ஃப்ரிட்ஜுக்குச் சோறு பரிமாறுகிறவர் அதிகம் தின்கிறார். வீட்டு ஃப்ரிட்ஜ்தான் வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு சின்ன இன்வெர்ட்டரைத் தனியாக வையுங்கள், பெரியதை மிக்ஸி ஓட்டும்போது மட்டும் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

மிக்ஸி என்றதும் பலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். தைரியமாக எடுத்துப் போகலாம். 750 வாட் மிக்ஸியில் மூன்று நிமிடம் சட்னி அரைத்தால் 40 வாட் மணிகூட ஆகாது. ஆம்பியர் எழுபதை நெருங்கும், ஒயர் தடிமனாக இருந்தால் போதும். மேசைமேல் வைக்கும் கிரைண்டர் கொஞ்சம் வித்தியாசம். மோட்டார் 150 வாட்தான், ஆனால் அது இண்டக்‌ஷன் மோட்டார். கல் நகரும் அந்த முதல் நொடியில் அதுபோலப் பல மடங்கு கேட்கும். 300 வாட் என்று எழுதியிருக்கும் மலிவான இன்வெர்ட்டர் அங்கேயே கையை விரித்துவிடும். மலிவான இன்வெர்ட்டர்கள் சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டுபோல் வெட்டிய அலையைத் தருகின்றன. மிக்ஸி மோட்டார் இரைந்துகொண்டாவது ஓடிவிடும். கிரைண்டர் மோட்டார் அதில் சூடாகும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் சுத்தமான சைன் அலை தரும் இன்வெர்ட்டரையே வாங்க வேண்டும்.

இப்போது ஒரு நாளின் வரவு செலவைப் பார்ப்போம். நங்கூரத்தில் கிடக்கும் இரண்டு பேர் படகு. ஃப்ரிட்ஜுக்கு 600 வாட் மணி. மூன்று சின்ன மின்விசிறிகளுக்கு 120. லேப்டாப்புக்கும் போன்களுக்கும் 250. எல்.இ.டி. விளக்குகள், தண்ணீர்ப் பம்பு, இரவெல்லாம் எரிய வேண்டிய நங்கூர விளக்கு எல்லாம் சேர்ந்து 100. ஒருவேளைச் சோறு ரைஸ் குக்கரில் வைத்தால் இன்னும் 200. மொத்தம் ஒன்றேகால் யூனிட். மேல்தளத்தில் 400 வாட் சோலார் பேனல் இருந்தால் நல்ல வெயிலில் வருவதும் அவ்வளவுதான். கச்சிதமாக நிற்கிறது.

இதில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தார்: ஸ்டார்லிங்க். நடுக்கடலிலும் இணையம். பேரன் பேத்திகளைப் பார்த்துப் பேசலாம், வானிலைப் படம் இறக்கலாம், வேலையும் பார்க்கலாம். நான் அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் பெரிய டிஷ் 50 வாட்டுக்குக் குறையாமல் இழுக்கும். இருபத்துநாலு மணி நேரமும் போட்டு வைத்தால் ஒரு யூனிட்டுக்கு மேல். மற்ற எல்லாச் சாமான்களும் சேர்ந்து செலவழிப்பதை அது ஒன்றே செலவழிக்கும். கடந்த சில வருடங்களில் “திடீரென்று பேட்டரி நிற்க மாட்டேன் என்கிறது” என்று என்னை அழைத்த பல படகுகளில் பேட்டரிக்கு ஒன்றுமில்லை. தூங்கப்போகும் முன் டிஷ்ஷை அணைக்க ஒரு சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். சிறிய மினி வகையை வாங்கி நேராக 12 வோல்ட் வழியில் ஓட்டினால் செலவு ஏறக்குறையப் பாதி.

பேட்டரிக்கு வருகிறேன். 1859-இல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே செய்த ஈய அமில பேட்டரியின் வாரிசுகள்தாம் இன்றும் பாதிப் படகுகளில் இருக்கின்றன. அதன் குணம் தெரிந்தால் ஏமாற்றம் இல்லை. 400 ஆம்பியர் மணி என்று எழுதியிருந்தால் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கும் கீழே போனால் ஆயுள் மளமளவென்று குறையும். நிரப்புவது அதைவிடத் தொல்லை. பேருந்தில் கூட்டம் ஏறுவதுபோல்தான் அது. காலியான பேருந்தில் முதல் முப்பது பேர் ஒரு நிமிடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள், கடைசிப் பத்துப் பேர் இடித்துக்கொண்டு நுழைய நேரம் ஆகும். எண்பது சதவீதம் வரை விறுவிறு என்று ஏறும் பேட்டரி, மீதி இருபதுக்கு நான்கைந்து மணி நேரம் கேட்கும். அவ்வளவு நேரம் யாரும் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள், ஓட்டவும் கூடாது. பளு இல்லாமல் மணிக்கணக்கில் உறுமும் டீசல் எஞ்சின் உள்ளே கரி பிடித்துக் கெடும். ஆக எண்பதிலேயே நிற்கும். முழுமையாக நிரம்பாத ஈயத் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டு, ஒரு வருடத்தில் 400 என்பது 250 ஆகிவிடும். சோலாரின் பெரிய நன்மை இங்கேதான். அவசரப்படாமல் பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாக அந்தக் கடைசி இருபதை நிரப்பித் தரும்.

லித்தியம் வந்த பிறகு இந்தக் கதை மாறிவிட்டது. படகுகளுக்கு ஏற்றது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. 1990-களின் நடுவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்எனஃப் குழு கண்டது. லித்தியம் பேட்டரிப் பணிக்காக அவருக்கு 2019-இல் தம் 97-ஆம் வயதில் நோபல் பரிசு கிடைத்தது. எழுதியிருப்பதில் எண்பது சதவீதத்தைத் தாராளமாக எடுக்கலாம், பாதி கனம், நிரம்பும்வரை முழு வேகத்தில் ஏற்றிக்கொள்ளும். லேப்டாப், போன்களில் உள்ள லித்தியம் வகைகளைவிடத் தீப்பிடிக்கும் வாய்ப்பும் குறைவு.

ஆனால் அந்த “முழு வேகம்” எஞ்சினில் இருக்கும் ஆல்டர்னேட்டருக்கு எமன். ஈய பேட்டரி சீக்கிரமே “போதும்” என்று சொல்லிவிடும் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்டது அது. லித்தியம் போதும் என்று சொல்வதில்லை. ஆல்டர்னேட்டர் ஒரு மணி நேரம் முழு மூச்சில் உழைத்துக் கம்பிச் சுருள் கருகிவிடும். இன்னொரு ஆபத்து, பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் ஏதோ காரணத்தால் சட்டென்று இணைப்பைத் துண்டித்தால், போக வழியில்லாத மின்னழுத்தம் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடுகளைச் சுட்டுவிடும். எஞ்சின் பேட்டரியை ஈயமாகவே விட்டு, அதிலிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு ஊட்டுவது எளிய வழி. பேட்டரியை மட்டும் கழற்றி மாட்டிவிட்டு “அதே அளவு, அதே இடம், வேறொன்றும் மாற்ற வேண்டாம்” என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள்.

வோல்ட் மீட்டரைப் பார்த்து லித்தியத்தின் இருப்பைச் சொல்லவும் முடியாது. முக்கால் பங்கு இருக்கும்போதும் பாதி இருக்கும்போதும் அது 13.2, 13.3 என்றே காட்டும். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்று வேண்டும். எந்தச் சாமான் எவ்வளவு தின்கிறது என்பதை அறியவும் அதுவே வழி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். யாரும் நினைத்திராத ஒரு பழைய ரேடியோவோ, காஸ் சென்சரோ, அணைத்ததாக எண்ணிய இன்வெர்ட்டரோ அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டிருப்பது தெரியவரும். அரை ஆம்பியர் இருபத்துநாலு மணிக்கு 12 ஆம்பியர் மணி, மூன்று மின்விசிறிகளின் ஒரு நாள் செலவுக்கு மேல்.

சோலாரில் நான் வலியுறுத்துவது நிழல். பேனலின் வாட் எண்ணைப் பார்த்து வாங்குகிறார்கள், பாய்மரத்தின் நிழல் எங்கே விழும் என்று பார்ப்பதில்லை. பேனலில் செல்கள் தொடராக இணைந்திருப்பதால் ஒரே ஒரு செல்லின்மேல் நிழல் விழுந்தாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கு வேலை நிறுத்தம் செய்யக்கூடும். நங்கூரத்தில் படகு காற்றுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கும், நிழலும் நகர்ந்துகொண்டே இருக்கும். பேனல்களைப் பக்க இணைப்பில் கோர்த்தாலோ, ஒவ்வொன்றுக்கும் தனி எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர் வைத்தாலோ ஒன்றின் நிழல் மற்றதைக் கெடுக்காது. பாயின் அடிக்கட்டையை மதியத்தில் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டி வைப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

மணி என்பதில் அளவைப்போலவே வேளையும் முக்கியம். பேட்டரி நிரம்பியதும் கன்ட்ரோலர் பேனலை மெல்ல அடக்கிவிடும். மதியம் ஒரு மணிக்கு மேல் வரும் வெயில் எத்தனையோ படகுகளில் வீணாகிறது. ரைஸ் குக்கரை அப்போது போடுங்கள், கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரத்தை அப்போது ஓட்டுங்கள், வெந்நீரை அப்போது வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றுங்கள். அதே 200 வாட் மணி, இரவு எட்டு மணிக்கு பேட்டரியிலிருந்து எடுத்தால் செலவு, மதியம் எடுத்தால் இனாம். நான் பார்த்ததில் நிம்மதியாக இருக்கும் படகுகள் அதிக பேனல் வைத்தவை என்று சொல்ல மாட்டேன். சோறு வைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்ட வீடுகள் அவை.

இண்டக்‌ஷன் அடுப்புக்கே மாறலாமா என்று கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். நாட்டுக்கு நாடு சிலிண்டர் வாயும் வேறு. ஆனால் இரண்டு பேருக்கு முழுச் சமையலும் மின்சாரத்தில் என்றால் நாளுக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கூடும், நம் கணக்கு இரட்டிக்கும். அகலமான கூரையுள்ள இரட்டை உடல் படகில் 1000 வாட் பேனல் விரிக்கலாம். பத்து மீட்டர் ஒற்றை உடல் படகில் அவ்வளவுக்கு இடமில்லை. அங்கே காஸை வைத்துக்கொண்டு, சென்சர் பொருத்தி, சிலிண்டரைக் கடலுக்கு வடிகால் உள்ள தனிப்பெட்டியில் வைப்பதே விவேகம்.

மரினாவில் கரை மின்சாரம் கிடைத்தால் கணக்குத் தொல்லை தீர்ந்தது என்று தோன்றும், வேறு தொல்லை அங்கே தொடங்கும். அமெரிக்கப் படகுகள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். எங்கள் பக்கம் 230, 50. அழகான வழி ஒன்று உண்டு. கரை மின்சாரத்தை எந்த வோல்ட்டையும் ஏற்கும் ஒரு பேட்டரி சார்ஜருக்கு மட்டும் கொடுத்துவிட்டு, வீட்டுச் சாமான்களை எப்போதும்போல் இன்வெர்ட்டரில் ஓட்டுவது. அடுத்தது, கரையின் எர்த் ஒயர் பக்கத்துப் படகுகளின் உலோகத்தோடு உங்கள் படகின் உலோகத்தைக் கோர்த்துவிடுகிறது. உப்புத் தண்ணீரில் அது ஒரு பேட்டரி. படகின் உலோகத்தை அரிப்பிலிருந்து காக்க நீங்கள் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் ஊரார் படகுகளுக்காகக் கரையும். எர்த்தைத் துண்டித்துவிடலாம் என்று சிலர் செய்கிறார்கள், அது கொலைக்குச் சமம். கால்வானிக் ஐசொலேட்டரோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ வைக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிடி கட்டாயம் வேண்டும்.

மின்சாரமே வேண்டாம் என்று வாழ்ந்தவர்களும் உண்டு. லின் பார்டி, லாரி பார்டி தம்பதி எஞ்சின்கூட இல்லாத சிறு படகுகளில், எண்ணெய் விளக்கோடு, பதிற்றாண்டுகளாக உலகக் கடல்களைச் சுற்றினார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரும் மரியாதை. ஆனால் இன்சுலினைக் குளிரில் வைத்திருக்க வேண்டிய ஒருவரிடமும், முப்பது டிகிரிப் புழுக்க இரவில் விசிறி இல்லாமல் தூங்க முடியாத குழந்தையிடமும் அந்த வழியைச் சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களும் கடலுக்குப் போகட்டும். அதற்குத்தான் இந்தத் தொழில்.

கடைசியாக, காலி துறைமுகத்துக்குப் போகும் அந்தப் பயணம். நங்கூரத்தில் இல்லாத ஒரு பெருஞ்செலவு கடலோட்டத்தில் சேரும்: ஆட்டோபைலட். மூன்று, நான்கு ஆம்பியர், இருபத்துநாலு மணி நேரமும். ஃப்ரிட்ஜைவிட அதிகம். பிளாண்டி ஹாஸ்லர் 1960-இல் அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் பந்தயத்தில் தம் படகைக் காற்றின் திசையாலேயே திருப்பும் பொறியோடு ஓட்டிக் காட்டினார். அதன் வழிவந்த காற்றுச் சுக்கான் படகின் பின்னால் இருந்தால் ஒரு வாட்கூட இல்லாமல் திசை பிடிக்கும். அடுத்த மிச்சம் பாய்மர உச்சியில். இருபது மீட்டருக்குக் குறைந்த பாய்மரப் படகு பாயில் ஓடும்போது, சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றையும் ஒரே விளக்காக உச்சியில் வைக்கக் கடல்விதி அனுமதிக்கிறது. பழைய 25 வாட் பல்பு ஓரிரவுக்கு 300 வாட் மணி எரிக்கும். எல்.இ.டி. 30-இல் முடித்துவிடும்.

மூன்று நாள் வானம் மூடிக்கொண்டால்? எதை எந்த வரிசையில் அணைப்பது என்பதைக் கரையிலேயே எழுதி, மின்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடச் சொல்வேன். களைத்த மனது இரவு இரண்டு மணிக்குச் சரியாக யோசிக்காது. முதலில் ஸ்டார்லிங்க், வானிலை பார்க்க மட்டும் அரைமணி. அடுத்து இன்வெர்ட்டர். பிறகு ஆட்டோபைலட்டை நிறுத்திக் காற்றுச் சுக்கான். பிறகு ஃப்ரிட்ஜ், அதில் உள்ளதைச் சமைத்துத் தீர்த்துவிட்டு. படகில் இன்சுலின் இருந்தால் ஃப்ரிட்ஜ் இந்த வரிசையிலேயே வராது, அதற்குப் பதில் எஞ்சினை ஓட்ட வேண்டியதுதான். ஓடு விளக்கும், விஎச்எஃப் ரேடியோவும், கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ்-ஸும் பட்டியலில் கிடையாது. இலங்கையின் தேவேந்திரமுனைக்குத் தெற்கே பெருங்கப்பல்கள் வரிசை கட்டிப் போகும் கடல் அது. அடித்தளத்துத் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்புக்கு மெயின் சுவிட்சைத் தாண்டி, பேட்டரியிலிருந்து நேரே, தனி ஃபியூஸோடு ஒயர் இழுத்திருக்க வேண்டும். மற்ற எல்லாம் அணைந்த பிறகும் அது வேலை செய்கிறதா என்பதைத் துறைமுகத்திலேயே மெயின் சுவிட்சை அணைத்து, ஃப்ளோட்டைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.